கப்பல் நண்டின் குஞ்சுகள்

அந்த நண்டை முதலில் பார்த்தவன் கதிரவன்தான். வெளிநாட்டிலிருந்து மண் அள்ள வந்த பார்ஜ் என்னும் தட்டைக் கப்பல் ஒன்று பழுதாகி, கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்துத் துறைமுகத்தில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. அதன் அடிப்பாகத்தில், சிப்பிக் கூட்டத்துக்கு நடுவே அது ஒண்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, சேற்று நிறம். கொடுக்குகளின் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்ததுபோல வெள்ளை. கதிரவன் அதை ஈரக் கைக்குட்டையில் முடிந்து, பஸ்ஸில் பரங்கிப்பேட்டை வரைக்கும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, ஜான்சியின் மேசைமேல் அவிழ்த்துவிட்டான்.

"இது நம்ம ஊரு நண்டு இல்ல ஜான்சி. எங்கிருந்தோ வந்திருக்குது."

அது 2007. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருவரும் ஆய்வு மாணவர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்த கல்யாணம். கதிரவன் புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஜான்சி கம்மாபுரத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண், கோயிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. விஷயம் தெரிந்த அன்று கதிரவனின் அப்பா சடையப்பன், மூன்று பிள்ளை பெற்றவர், வாசலில் நின்று "எனக்கு ரெண்டு புள்ளைங்கதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஜான்சியின் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு நெய்வேலியில் இருந்த மகன் வீட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அதனால் சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை. அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒருவருக்கு ஒருவர் போதும் என்றிருந்த காலம்.

நண்டைப் பார்த்த பேராசிரியர் தட்சிணாமூர்த்தி, அதை ஜான்சிக்கே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். "வந்துட்டுது, சரி. இங்கியே முட்டை போட்டு, அந்தக் குஞ்சு முழு நண்டா ஆவுதா? அதான் கேள்வி. ஆவலன்னா இது வழிப்போக்கன், தானா போயிடும். ஆச்சின்னா குடியேறிட்டான்னு அர்த்தம். வளத்துப் பாத்துதான் சொல்ல முடியும்."

நண்டுக் குஞ்சு பிறக்கும்போது நண்டுபோல இருக்காது. தலையில் ஒரு நீள முள், பெரிய கண்கள், துடிக்கிற வால் என்று தண்ணீரில் மிதக்கும் ஒரு தூசி அது. ஜோயியா என்று பெயர். சட்டையைக் கழற்றிக் கழற்றி வளர்ந்து, நாலாவது ஜோயியாவுக்குப் பிறகு மெகலோபா ஆகும். அப்போது கொடுக்கு முளைத்திருக்கும். வால் மட்டும் இன்னும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் ஒரே ஒரு முறை சட்டை உரித்தால் போதும், வால் வயிற்றுக்கடியில் மடங்கி நண்டாகிவிடும். ஜான்சியின் குஞ்சுகளோ அந்தக் கடைசிச் சட்டையை உரிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மெகலோபா வரைக்கும் வந்து செத்துப்போயின.

ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு குஞ்சையும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தனியாக வைக்க வேண்டும். தினமும் காலையில் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, வடிகட்டிய புதுத் தண்ணீருக்கு மாற்றி, அதன் தீனியான ஆர்ட்டீமியா என்னும் பொடி இறாலைப் பொரிக்கவைத்துப் போட வேண்டும். இதற்கு ஞாயிறும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. மேசை முழுக்கக் கிண்ணங்களைப் பரப்பிக்கொண்டு ஜான்சி குனிந்தால், நிமிரும்போது பன்னிரண்டு மணிப் பஸ் போயிருக்கும்.

2009-இல் கதிரவன் தன் இறால் ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு கொரியாவுக்குப் போனான். இரண்டு வருஷ வேலை. ஆரம்பத்தில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு பொங்கலுக்கும் அவள் பிறந்தநாளுக்கும். இரண்டு வருஷம் முடிந்து வேலையை நீட்டித்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, ஏன் என்று அவள் கேட்கவில்லை. கீழ்வீட்டு ரத்தினம்மாள் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், "வீட்டுக்காரரு எப்ப வர்றாரும்மா?" என்று கேட்பார். "பொங்கலுக்குங்க" என்பாள். பொங்கல் போனால் "தீபாவளிக்கு". சில நாளில் ரத்தினம்மாளும் கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் அதிகமாக உறுத்தியது.

அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று நெய்வேலியிலிருந்து கூப்பிட்டார்கள். "குஞ்சுங்கள விட்டுட்டு வர முடியாதுண்ணா" என்றாள். பொய்யில்லை. ஆனால் குஞ்சுகள் இல்லாவிட்டாலும் போயிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அவள் மனம்விட்டுப் பேசுகிற ஆள் ஒன்றே ஒன்று. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் விற்கும் தைலம்மாள். ஜான்சியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் ஃபைபர் போட்டில் போய்க் கொண்டுவருவதைக் கூறுகட்டி விற்பாள். வயிற்றில் முட்டைக் கொத்து சுமந்த நண்டு வலையில் வந்தால், வெட்டின தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்து வைப்பாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதைக் கப்பல் நண்டு என்றுதான் சொன்னார்கள். வலையில் மாட்டிய மீனின் வயிற்றை அது கிழித்துத் தின்றுவிடும். கிழிந்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள்.

"இன்னாம்மா, மறுபடியும் செத்துப்போச்சா?" என்பாள் தைலம்மாள், ஜான்சியின் முகத்தைப் பார்த்ததுமே.

"ஆமாக்கா. எல்லாமே."

"சாவட்டுமே! இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற."

"செத்துக்கினே இருந்தா நான் எப்பக்கா ஆராய்ச்சிய முடிக்கிறது?"

"அது பொழச்சிக்கினா நாங்க எப்படி மீன் விக்கிறது? நல்லா கீதே ஒன் நாயம்!"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், செம்மங்குப்பத்துக் கம்பெனிகள் ஜன்னலில் ஓடி மறையும் நேரத்தில், ஜான்சிக்குச் சிரிப்பு வடிந்துபோகும். இந்தக் கரை நெடுகிலும் அந்த நண்டு பிழைக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் தான்தான் என்று தோன்றும். அப்படி நினைப்பது சரியில்லை என்றும் தோன்றும். ஆனாலும் மறுநாள் காலையில், ஒவ்வொரு கிண்ணத்தையும் கண்ணருகே தூக்கி, உயிர் அசைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள்.

2011 டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. விடிவதற்கு முன்பே காற்று கதவைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. மொட்டைமாடித் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. ஜான்சி சமையல் மேடைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தைவிட ஒரு நினைப்புதான் பெரிதாக வந்தது: இந்தச் சுவர் இடிந்து விழுந்தால், தான் உள்ளே இருப்பது ரத்தினம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மறுநாள் பஸ் இல்லை. பால் வண்டி ஒன்றில் பு.முட்லூர் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தாள். வழியெல்லாம் மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு குறுக்கே கிடந்தன. கரண்ட் கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. ஆராய்ச்சி நிலையத்தில் வாட்ச்மேன் கலியமூர்த்தி மட்டும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ரூம்புக்குப் போவாதீங்கம்மா. ஒண்ணும் மிச்சமில்ல."

போய்ப் பார்த்தாள். ஜன்னல் பெயர்ந்து மேசைமேல் விழுந்திருந்தது. மூன்றாவது ஜோயியாவில் இருந்த குஞ்சுகளின் கிண்ணங்கள் தரையில் நொறுங்கிக் கிடந்தன. துடைப்பத்தை வாங்கி அவளே கூட்டினாள். அழுகை வரவில்லை. கூட்டி முடித்து, படியில் உட்கார்ந்து, வெள்ளாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் சிக்னல் வரச் சில நாள் ஆயிற்று. வந்ததும் டொக் டொக்கென்று மெசேஜ்கள் விழுந்தன. ஒன்று செல் கம்பெனி விளம்பரம். ஒன்று அண்ணன்: "அம்மா கேக்குறாங்க நல்லாருக்கியா." இன்னும் ஒரு விளம்பரம். அவ்வளவுதான்.

ரோட்டில் மரங்களை அறுத்து ஒதுக்கியதும், முதல் பஸ்ஸில் கடலூர் ஓ.டி.க்குப் போனாள். பழகிய ஊரே அடையாளம் தெரியவில்லை. தைலம்மாளின் வீட்டுக்குக் கூரை இல்லை. தார்ப்பாய் ஒன்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவள், ஜான்சியைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டாள்.

"நண்டுக்கா வந்த? இப்பப் போயா?"

"இல்லக்கா. உன்னப் பாக்கத்தான் வந்தேன். உசுரோட இருக்கியான்னு."

தைலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் தேவனாம்பட்டினத்துலதான் கீறான். கூப்பிடு தூரம். இன்னும் எட்டிப் பாக்கல. நீ செதம்பரத்துலேர்ந்து வந்து நிக்கிற" என்றாள். பிறகு ஜான்சியின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்களுடைய போட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் சேறு அப்பிய வலைக் குவியல். வலைக்குள் கப்பல் நண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு ஒண்ணும் ஆவல பாரு. எங்க போட்டுதான் ரெண்டா போச்சி" என்றாள் தைலம்மாள். குனிந்து, கறுத்து முதிர்ந்த முட்டைக் கொத்தோடு ஒரு பெண் நண்டைப் பிடுங்கி எடுத்தாள். "இந்தா. வந்தது வந்துட்ட, வெறுங்கையோட எதுக்குப் போற?"

ஜான்சி கேட்டிருக்கவே மாட்டாள். ஆனால் நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சி நிலையத்தில் தண்ணீர் வடிகட்டும் மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது என்பதால், அந்த நண்டுக்குப் பழகிய துறைமுகத்துத் தண்ணீரையே ஒரு கேனில் மொண்டு எடுத்துக்கொண்டாள்.

பொங்கல் தாண்டியும் பரங்கிப்பேட்டைக்குக் கரண்ட் வரவில்லை. அத்தனை நாளும் அவள் பழங்காலத்து ஆள்போலத்தான் வேலை செய்தாள். மூலையில் கிடந்த கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, வெயிலைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். ஆர்ட்டீமியா முட்டைகளை அகலத் தட்டில் பொரிக்கவைத்தாள். வாரம் ஒருமுறை ஓ.டி.க்குப் போய் அதே தண்ணீரைக் கொண்டுவந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். எத்தனை மடிப்பு மடித்தாலும் மெல்லிய வண்டல் கூடவே வந்தது. இது ஆராய்ச்சியே இல்லை, சும்மா இருக்க முடியாமல் செய்கிற வேலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

குஞ்சுகள் வழக்கம்போல நாலாவது ஜோயியா ஆயின. வழக்கம்போல மெகலோபா ஆயின. இனி ஒவ்வொன்றாகச் சாகும் என்று காத்திருந்தாள். ஆனால் இந்த முறை அவை நடுத்தண்ணீரில் அலைந்து களைத்துப்போகவில்லை. அடியில் படிந்த வண்டலுக்கு இறங்கின. கால்களால் அதைத் துழாவிக்கொண்டு, நடந்தன.

ஒரு காலையில், ஜன்னலோரத்துக் கிண்ணம் ஒன்றில் ஒரு வெற்றுச் சட்டை கிடந்தது. அதன் பக்கத்தில், கடுகளவில், பக்கவாட்டில் ஓடியது ஒரு நண்டு.

ஜான்சி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். வால் மடங்கியிருந்தது. இத்தனை வருஷமும் தான் காட்டிய சுத்தம்தான் அவற்றைக் கொன்றது என்பது அப்போது விளங்கியது. இறங்கி நிற்க ஒரு தரை கேட்டிருக்கின்றன. தரையில்லாத சுத்தமான தண்ணீரில் கிடந்து, தரையைத் தேடியே செத்திருக்கின்றன.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தட்சிணாமூர்த்தி சாருக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொரியாவுக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"கதிர், நண்டு ஆயிடுச்சி."

அவனுக்கு உடனே புரிந்தது. "நெஜமாவா! மெகலோபாவத் தாண்டிடுச்சா? எப்படி?" வண்டலைப் பற்றிச் சொன்னாள். பழைய கதிரவன் மாதிரியே இடைமறித்து இடைமறித்துக் கேள்வி கேட்டான். அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் இருவரும் ஒரே மேசைக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. பிறகு, "பேப்பர்ல ரெண்டு பேர் பேரும் போடலாம்ல?" என்றான்.

"நீதான கண்டுபிடிச்ச. போடாம எப்படி?"

"தேங்க்ஸ்" என்றான். "ஜான்சி... நான் இங்கியே இருந்துடலாம்னு பாக்குறேன். ரொம்ப நாளா சொல்லணும்னு. நீ வேணா..."

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அவளும் முடித்துக்கொடுக்கவில்லை.

"தெரியும் கதிர்" என்றாள். பிறகு, எதற்கென்று தெரியாமலே சொன்னாள்: "இங்க பெரிய புயல் அடிச்சிது."

"அப்படியா? எப்ப?" என்றான் அவன்.

போனை வைத்தபிறகு, மீதிக் கிண்ணங்களுக்குத் தீனி போட்டாள். அன்றைக்குத் தீனி போட்டாக வேண்டும் என்பது பெரிய உதவியாக இருந்தது.

கரண்ட் வந்ததும், ஒரே தாயின் குஞ்சுகளைப் பாதி வடிகட்டிய தண்ணீரிலும் பாதி வண்டலிலும் வைத்து மறுபடி வளர்த்துப் பார்த்தாள். வடிகட்டிய தண்ணீரில் இருந்தவை செத்தன. வண்டலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நண்டாயின. இனி சந்தேகமில்லை. ஓ.டி. துறைமுகத்து உப்பனாற்றுச் சேறு அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டது. வழிப்போக்கன் இல்லை, குடியேறிவிட்டது.

வளர்த்தவற்றை ஆற்றில் விடக்கூடாது. அது விதி மட்டுமில்லை, நியாயமும் அதுதான். எல்லாவற்றையும் ஆல்கஹாலில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிவந்து, கிண்ணங்களை அதன்மேல் வரிசையாக வைத்தாள். குளிரில் மரத்துவிட்டால் வலி தெரியாது என்று ஒரு நம்பிக்கை. குட்டி நண்டுகள் ஓட்டத்தை நிறுத்தின. கால்களை உடம்போடு இழுத்துக்கொண்டன. ஒவ்வொன்றாகத் தூரிகை நுனியால் தொட்டெடுத்துக் குப்பியில் விட்டாள். பிறந்த நாளிலிருந்து தினமும் பார்த்த முகங்கள் என்று சொன்னால் யாராவது சிரிப்பார்கள். நண்டுக்கு ஏது முகம்? ஆனால் ஒரு கொடுக்கு சிறுத்தது எது, சட்டை உரிக்கும்போது கால் இழந்தது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிக் குப்பியை மூடிவிட்டு, கை கழுவும்போதுதான் அழுதாள். குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக அழுதாள். கதிரவனுக்காகவும் சேர்த்து அழுதாளா என்று அவளே பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஓ.டி.க்குப் போனாள். தைலம்மாளின் புருஷன் வேறு ஒருவர் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பொழச்சிக்கிச்சி" என்றாள் ஜான்சி. "இங்கியே குஞ்சு வளந்து நண்டாவுது. இனிமே இது போவாதுக்கா."

தைலம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "இதச் சொல்றதுக்கா இப்படி நடுங்கற? அது வந்து எத்தினி வருசம் ஆவுது. நீ சொன்னதாலயா வந்துச்சி?" கூடையில் கிடந்த, வயிறு கிழிந்த மடவை மீன் ஒன்றைத் தூக்கிக் காக்கைக்கு எறிந்தாள். "வலய சீக்கிரமா இழுத்துடணும். அவ்ளோதான். வேற இன்னா பண்றது."

ஜான்சி ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தாள். கட்டுரையில் கதிரவனின் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகி வந்தது. விவாகரத்துக் காகிதங்களும் வந்தன; கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ரத்தினம்மாளிடம் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் தானாகவே சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் கேட்காமல் அவளுடைய குடத்தையும் மாடி வரைக்கும் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

2012 கடைசியில் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஹாலில் விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்கள். அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். அம்மா புரியாத படங்களையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எல்லோருக்கும் கேட்கும்படி பட்டத்தை அறிவித்தபோது, அம்மா கைதட்டலாமா என்று மகனைப் பார்த்துவிட்டு, தட்டினார். வருகிறேன் என்று சொல்லியிருந்த தைலம்மாள் வரவில்லை.

அம்மாவை நெய்வேலிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது, அவர் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கு வர்றியா?" என்று கேட்டார். "வர்றேம்மா" என்றாள். இந்தத் தடவை சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் இரண்டு பொட்டலம் பிரியாணி வாங்கிக்கொண்டு கடலூர் ஓ.டி.க்குப் போனாள்.

"கோச்சிக்காதம்மா. அன்னிக்கு சங்கரா மீனு ஜாஸ்தி பட்டுச்சி. வுட்டுட்டு வர முடியல" என்றாள் தைலம்மாள்.

"பரவால்லக்கா."

வலை காயும் சிமென்ட் தளத்தில், நிழல் விழுந்த பக்கமாக உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். தைலம்மாள் முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டாள். எதிரே உப்பனாறு கலங்கலாக நகர்ந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போன போட்டுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்தில் தெரிய ஆரம்பித்தன.

"அப்ப படிப்பு முடிஞ்சிது" என்றாள் தைலம்மாள். "நண்டு வாணாம் இனிமே."

"வேணாம்க்கா."

"பின்ன இந்தப் பக்கம் நீ எதுக்கு வரப்போற?"

ஜான்சி கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள். இதற்கு என்ன சொல்வதென்று உண்மையாகவே யோசித்தாள்.

"வருவேன்க்கா" என்றாள். "சும்மா வருவேன்."

"சும்மாவா?" தைலம்மாள் சிரித்தாள். "சும்மா யாரும்மா இந்த நாத்தத்துக்கு வருவா!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் பொட்டலத்திலிருந்து கறித்துண்டு ஒன்றை எடுத்து ஜான்சியின் இலையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழம வராத. அன்னிக்கு எனக்குப் பேச நேரமிருக்காது. மத்த நாள்ல வா."